லிம் சு லி யார்?

புருணையின் செரியாவில் எங்கள் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு லியூ சுக் லான் என்ற முழுப் பெயர் தெரியாது. லான் அக்கா என்றால்தான் தெரியும். பள்ளிச் சீருடை, மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங், தேசிய தின அணிவகுப்புக்குப் போகிறவர்களின் உடுப்பு எல்லாம் அவள் வெட்டியவைதான். நான் கல்யாணமாகி இந்த எண்ணெய்க் கிணற்று ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் அந்தக் கடையில் காஜா எடுக்கச் சேர்ந்தேன். அப்போதே அவள் அங்கே பதிமூன்று வருடம் வேலை பார்த்திருந்தாள். அன்றிலிருந்து ஒரே மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். செண்பகம் என்ற என் பெயர் அவள் வாயில் நுழையாது. செம்பா என்பாள்.

அவளுடைய அப்பா ஹக்கா சீனர், தச்சர். மூன்று வயதில் சரவாக்கிலிருந்து தோணியில் தூக்கிவரப்பட்டவர். அவருக்கு எந்த நாட்டுக் காகிதமும் கடைசிவரை கிடையாது. அம்மா சுரி, துத்தோங் ஆற்றுக்கு மேலே லுபுக் லாலிட் என்ற கம்பத்து, அதாவது கிராமத்து, டூசூன் பெண். இந்த மண்ணிலேயே தோன்றிய சாதி என்று சட்டப் புத்தகத்தில் பேர் உள்ள கூட்டம். அம்மாவுக்குப் பிறந்தபோதே குடியுரிமை. ஆனால் புருணையில் பிள்ளைக்குத் தகப்பன் வழிதான். தகப்பனுக்கு நாடில்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை.

பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க அம்மாதான் லானைக் கூட்டிப்போனார். அம்மா கையில் குடிமக்களுக்கான மஞ்சள் அட்டை. மகளுக்குக் கிடைத்தது ஊதா. நிரந்தரமாகத் தங்கலாம், அவ்வளவுதான். ஏன் நிறம் வேறு என்று கேட்டதற்கு, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, "எந்தக் கலரா இருந்தா என்ன, மழையில நனைக்காம வச்சுக்க" என்றாராம்.

நாடு சுதந்திரம் அடைந்தபோது லானுக்கு இருபத்தொரு வயது. அதுவரை பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ளவர் என்றாவது ஒரு வார்த்தை காகிதத்தில் இருந்தது. அதன் பிறகு அந்த இடத்தில் எதுவும் இல்லை. அணிவகுப்புக்காக அந்த வருடம் மட்டும் நூற்றெழுபது சட்டை தைத்ததாகச் சொல்லுவாள். குறையாகச் சொல்லமாட்டாள். எண்ணிக்கையைத்தான் சொல்லுவாள்.

கல்யாணத்துக்கு ஒருவர் வந்தார். ஐஸ் கம்பெனி வைத்திருந்த அ சேங். மனைவியை இழந்தவர், சீனர்தான், ஆனால் மஞ்சள் அட்டைக்காரர். கடைக்கே வந்து, எங்கள் முதலாளி முன்னாலேயே கேட்டார்.

"என்னக் கட்டிக்கிட்டா நாலஞ்சு வருஷத்துல உனக்கும் மஞ்ச கார்டு வந்துடும். நகை நட்டு எதுவும் போட மாட்டேன். கார்டுதான் சீரு."

லான் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே பதில் சொன்னாளாம். "கார்டு எனக்கு, சமையல் உனக்கு. நல்ல கணக்குதான். ஆனா கார்டு கெட்டுப்போகாது சேங்கு. நீ கெட்டுப்போயிடுவ."

கடை முழுக்கச் சிரித்ததாம். அ சேங்கும் சிரித்தாராம். அதன்பிறகு அந்தப் பக்கம் அவர் ஐஸ்கூட அனுப்பவில்லை. பின்னால் ஒரு காலத்தில், பசி வேளையில் நானும் அவளும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அன்று சரி என்று சொல்லியிருக்கலாமோ என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த துணியை விரித்துவிட்டாள்.

அவளுடைய முப்பத்தாறாவது வயதில் குடியுரிமைக்கு முதல் தடவை மனு போட்டாள். இத்தனை வருடம் இங்கேயே தங்கியவர்கள் என்ற கணக்கில். அதற்கு ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. மலாய் பேச வேண்டும், இங்கத்துப் பழக்கவழக்கம், செடி கொடி, மீன், வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல வேண்டும். அவள் மலாய் பேசினால் யாரும் குறை சொல்ல முடியாது. நாங்கள் பயப்படவே இல்லை. என் வீட்டுக்காரர்தான் தலைநகருக்கு வண்டி ஓட்டினார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்களாம். படம் படமாகக் காட்டினார்கள். காட்டுக்குப் போகிறவர்கள் முதுகில் மாட்டும் பிரம்புக் கூடை, மீன் பிடிக்கும் பொறி, காயத்துக்கு அரைத்துப் போடும் ஒரு இலை. எல்லாமே அவளுக்குத் தெரியும். அம்மாவோடு அந்தக் கூடையைத் தானே சுமந்திருக்கிறாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது அம்மா சொல்லும் டூசூன் பெயர். அதைத்தான் சொன்னாள். நடுவில் உட்கார்ந்திருந்தவர், மலாயில் என்ன என்று கேட்டார். தெரியவில்லை. அடுத்த படம். அதற்கும் அம்மாவின் சொல்தான் வாயில் வந்தது. எட்டுப் படத்தில் ஆறு இப்படியே போய், தேறவில்லை.

"அந்தப் பேரு எனக்கும் தெரியும்மா. எங்க பாட்டியும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா இந்தத் தாள்ல அந்தப் பேரு இல்ல" என்றாராம் அவர்.

கடைக்கு வந்ததும் முதலாளி மனைவி, காட்டுக்காரிக்குப் பிறந்தவளுக்குக் காட்டு இலை பேர் தெரியவில்லையாமே என்று எங்கள் காதுபடச் சொன்னாள். லான் பாதியில் விட்டுப்போன காலர் ஒன்றைத் தைத்து முடித்தாள்.

ஏழு வருடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா இறந்தார். அம்மா லுபுக் லாலிட்டுக்கே திரும்பிப்போய்த் தன் பழைய வீட்டில் தனியாக இருந்தார். ஆறு ஏக்கர் நிலம். ஆற்றோரம் ஜவ்வரிசிப் பனை, மேட்டில் டுரியான் மரம். பக்கத்து வீட்டில் அவருடைய தம்பி திம்பாங். ஞாயிற்றுக்கிழமைகளில் லான் போவாள், சில தடவை நானும் போவேன்.

எழுபதை நெருங்கியபோது அம்மாவுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. நிலத்தை மகள் பேரில் எழுதிவிட வேண்டும். கம்பத்துத் தலைவர் முடியாது என்றார். ஊதா அட்டைக்காரர் பேரில் நிலம் எழுத வழியில்லை. அம்மா இறந்தால் அது தம்பிக்குப் போகும். அம்மாவுக்கு அப்போதுதான் அட்டையின் நிறம் விளங்கியது என்று நினைக்கிறேன். அந்தச் சமயத்தில், தாய் குடியுரிமைக்காரியாக இருந்தால் தாயே பிள்ளைக்காக மனு போடலாம், வயது வந்த பிள்ளைகளையும் சில பேரை அப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு இருந்தது. அம்மா கேட்டவுடன் கிளம்பிவிட்டார்.

"என் வயித்துல பொறந்தவன்னு நான் போய்ச் சொன்னா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இலைக்குப் பேரு?" என்றார்.

லான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். வேலை அதிகம் என்றாள். அடுத்த மாதம் என்றாள். எனக்குக் காரணம் விளங்கவில்லை. கடைசியில் அம்மாவே துத்தோங்கிலிருந்து பஸ் ஏறிச் செரியாவுக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மூன்று பேரும் தலைநகர் அலுவலகத்துக்குப் போனோம்.

கவுண்ட்டரில் இருந்த இளைஞன் லானுடைய பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தான். அம்மாவின் மஞ்சள் அட்டையைப் பார்த்தான். திரும்பப் பத்திரத்தைப் பார்த்தான்.

"இவங்க யாரு?"

"நான் இவ அம்மா" என்றார் சுரி அம்மா.

"உங்க பேரு?"

"சுரி. லாந்திர் மக."

"இதுல தாய் பேரு லிம் சு லின்னு இருக்கே. சீனர்னு போட்டிருக்கு. லிம் சு லி யாரு?"

அம்மா எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எனக்குத் தெரியாதேப்பா" என்றார் அவனிடம்.

லான்தான் மெதுவாகச் சொன்னாள், இரண்டும் ஒரே ஆள் என்று. அவன் கோபப்படவில்லை. ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றான். பிரசவம் பார்த்தவர் இருக்கிறாரா? இறந்து முப்பது வருடம். பிறந்த சமயத்தில் கூட இருந்தவர், தாயைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர், யாராவது வந்து சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்தால் போதாதா என்று நான் கேட்டேன். தன் பட்டியலில் அது இல்லை, சாட்சிதான் இருக்கிறது என்றான்.

வண்டியில் பாதி தூரம் வந்த பிறகு அம்மா கேட்டார். "யாரு அப்படி எழுதினது?"

"அப்பா" என்றாள் லான்.

"ஏன்?"

லான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்பாவுடைய அண்ணன்மார் டூசூன் பெண்ணை ஏற்கவில்லை. கம்பத்தில் வளர்ந்த அநாதைச் சீனப் பெண் என்று அப்பா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். சுரி என்பதைச் சு லி என்று கூப்பிட்டார். பிள்ளை பிறந்ததைப் பதியப் போனவர், அந்தப் பொய்க்கு ஒரு குடும்பப் பெயரும் ஒட்டி எழுதிவிட்டு வந்துவிட்டார்.

"நான் அவரு செல்லமா கூப்பிடுறாருன்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல சேத்த நாள்லேருந்து. வாசிக்கத் தெரிஞ்சதிலேருந்து."

"நாப்பது வருஷம்."

"சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா."

அம்மா அழவில்லை. லானுடைய வாடகை அறைக்கு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்த ஊதுவத்திக் குவளையை எடுத்துக் கழுவி, கவிழ்த்து, பாத்திர அலமாரியில் வைத்தார். லான் அதைத் திரும்ப எடுத்து வைக்கவில்லை.

பிறந்த சமயத்தில் கூட இருந்தவர் என்று உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர்தான். திம்பாங் மாமா. லான் பிறந்த வாரம், அக்காவைப் பார்க்க அரிசியும் கருவாடும் தூக்கிக்கொண்டு செரியாவுக்கு வந்து ஒரு மாதம் தங்கியிருந்தவர். அந்தக் கதையை ஒவ்வொரு விருந்திலும் அவரே சொல்லுவார். குழந்தை அத்தனை கறுப்பாகப் பிறந்ததைப் பார்த்து அடுப்புக்கரி என்று பெயர் வைக்கச் சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் அம்புயாட் கிண்டியிருந்தார்கள். பசை போல இருக்கும் ஜவ்வரிசி மாவை இரட்டைக் குச்சியில் சுற்றி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். எனக்கு இன்றுவரை சரியாகச் சுற்ற வராது.

"இந்தியாக்காரி, குச்சியால சண்ட போடாத. அது உன்ன ஒண்ணும் செய்யல" என்று மாமா என்னைக் கேலி செய்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார். அம்மா விஷயத்தைச் சொல்லி முடித்தபோது குச்சியைக் கீழே வைத்தார்.

"நான் எழுதிக் குடுக்குறேன் அக்கா. கார்டு வரும். நிலம் இவளுக்குப் போகும். சரி. இவளுக்கப்புறம்? புள்ளையா குட்டியா? என் மவன் கிலாட்டுக்கு நாலு பசங்க. அரசாங்க வீட்டுக்குப் பேரு குடுத்துட்டு ஒம்பது வருஷமா காத்துக் கெடக்கான். அதுங்க எங்க போய் நிக்கும்?"

"இவளுக்கப்புறம் யாருக்குன்னு இவ சொல்லட்டும்" என்றார் அம்மா. "மொதல்ல இவ யாருன்னு நீ சொல்லு."

கிலாட் வாசற்படியில் உட்கார்ந்து கோழிக்கு ஏதோ போட்டுக்கொண்டிருந்தான். திரும்பியே பார்க்கவில்லை. லான் மாமாவிடம், நிலம் எதுவும் வேண்டாம், வேண்டுமானால் அதையும் எழுதித் தருகிறேன், கார்டு மட்டும் போதும் என்று சொன்னாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, வாயை மூடு என்றார். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமா கடைசியில் சரி, வருகிறேன் என்றார்.

குறித்த நாளில் வரவில்லை. மூட்டுவலி என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் தடவை கிலாட்டே கூட்டிவந்தான். புதுச் சட்டை போட்டிருந்தார். அதிகாரி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பெண் லியூ சுக் லான் உங்கள் அக்கா சுரிக்குப் பிறந்தவர் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப வருஷமாச்சுங்க. எனக்கு ஞாபகம் இல்ல."

அம்மா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். வேறு சாட்சி கிடைத்தால் வாருங்கள் என்றார். வெளியே வந்து அம்மா தம்பியைத் தாண்டி நேராக வண்டிக்கு நடந்தார். வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "வெள்ளத்துல அவன முதுகுல கட்டிக்கிட்டு ஆத்தக் கடந்தேன். அதுவும் ஞாபகம் இருக்காது."

அதன்பிறகு லுபுக் லாலிட்டுக்குப் போக மறுத்து, செரியாவில் லானுடைய வாடகை அறையிலேயே இருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. கம்பத்தில் ஒவ்வொரு கிழவரையும் யோசித்துப் பார்த்தார்கள். இருந்த இரண்டு பேருக்கும் உண்மையிலேயே எதுவும் ஞாபகம் இல்லை. ஏழாவது மாதம் ஒரு காலையில் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துபோனது. பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு மாமா வந்தார். நான் கூட இருந்த நாள் அது. லான் கடையில் இருந்தாள், பள்ளி திறக்கும் சமயம். மாமா கட்டில் பக்கத்தில் நின்று, "அக்கா, நான் திம்பாங் வந்திருக்கேன்" என்றார். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா குனிந்து இன்னொரு தடவை சொன்னார். அம்மாவுக்குக் கேட்டதா, தெரிந்ததா, தெரிந்தும் திரும்பவில்லையா, இதை நான் இன்றைக்கும் சொல்ல முடியாது. கண் அசையவில்லை. மாமா அரைமணி நேரம் அப்படியே நின்றார். பிறகு என்னிடம், தலைநகர் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் எங்கள் கடைக்குள் வந்தார். நாலாக மடித்த ஒரு நகலை மேசைமேல் வைத்தார். லாந்திர் மகன் திம்பாங், என் அக்கா சுரியும் லிம் சு லி என்று பதியப்பட்டவரும் ஒருவரே, அவருக்கு இந்தப் பெண் பிறந்தபோது நான் அந்த வீட்டில் இருந்தேன் என்று எழுதி, கீழே கைநாட்டு. தனியாகப் போயிருக்கிறார். கிலாட்டுக்குக்கூடச் சொல்லவில்லை.

லான் அதை இரண்டு முறை படித்தாள். "சாப்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார். எதிர்க்கடையில் மீன் சூப்பு வாங்கிக்கொடுத்தாள்.

அம்மா முன்பே கைநாட்டுப் போட்டு வைத்திருந்த மனு உள்ளே போனது. அம்மா இன்னும் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். லான் காலையில் அவரைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, மதியம் ஓடிப்போய்க் கஞ்சி ஊட்டி, திரும்ப வந்து தைத்தாள். அம்மா எதையோ கேட்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். "என்னவா இருக்கும் செம்பா? இன்னும் ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனக்கிறாங்களா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். இல்லை என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்.

அம்மாவை லுபுக் லாலிட்டிலேயே, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புதைத்தார்கள். நிலம் சட்டப்படி மாமா பேருக்கு மாறியது. தனக்கு உரிமை இல்லை என்று லான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆட்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லவே இல்லை.

மூன்று வருடம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பித்த தாயும் மகளும் நேர்காணலுக்கு வர வேண்டும். லான் அம்மாவின் இறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டாள். உள்ளே இருந்த அதிகாரி சின்னப் பெண், எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கோப்பு முழுவதையும் புரட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. ஆனா மனு போட்டது அம்மா. அவங்க இல்லாம இது நிக்காது."

"அவங்க இருந்தப்ப சாட்சி இல்லன்னு நின்னுது" என்றாள் லான்.

அந்தப் பெண் மேசையைப் பார்த்தாள். பிறகு, வருடக் கணக்கில் தங்கியவர்கள் வழியில் திரும்பப் போடலாம், உங்களுக்கு ஐம்பது வருடம் ஆகப்போகிறதே என்றாள்.

"அதுல ஒரு தடவ தோத்தவ நான்."

"இன்னொரு தடவ போகக்கூடாதுன்னு இல்லக்கா."

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நிலம் போயிற்று, அம்மாவும் போய்விட்டார், இனி எதற்கு இந்த அலைச்சல்? அவள் கேட்கவில்லை. சந்தையில் கீரை விற்கும் மலாய்ப் பெண்களிடம் நின்று ஒவ்வொரு இலைக்கும் பேர் கேட்டு நோட்டில் எழுதினாள். என் மகனின் பழைய பாடப்புத்தகத்தை வாங்கிப்போனாள். துணி வெட்டும்போது உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஐம்பத்தொரு வயதில் தேர்வுக்குப் போனாள். தேறினாள்.

வெளியே வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அம்மா சொன்ன பேருதான் ஒவ்வொண்ணுக்கும் முன்னால வந்துச்சு. நாக்கக் கடிச்சுக்கிட்டு அடுத்தத சொன்னேன்" என்றாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்து நான் வாங்கி வைத்திருந்த கேக்கை வண்டியிலேயே மறந்துவிட்டோம்.

அதன்பிறகு ஏழு வருடம் காத்திருந்தாள். இடையில் மாமா இறந்தார். கிலாட் பழைய பலகை வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கல்வீடு கட்டினான். லானுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்தது, ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. ஐம்பத்தெட்டாவது வயதில் அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய மண்டபத்தில் நூற்றுக்குமேல் பேர் வரிசையாக நின்று உறுதிமொழி சொன்னார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். லான் தானே தைத்த இளம்பச்சைக் கூரோங் போட்டிருந்தாள். அட்டையை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்து, கண்ணாடி கொண்டுவரவில்லை, பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா பார் என்றாள். சரியாகத்தான் இருந்தது.

நிலத்துக்கு இப்போது வழக்குப் போடலாமா என்று என் வீட்டுக்காரர் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் விசாரித்தார். கஷ்டம், ஆனால் முயன்று பார்க்கலாம் என்றார் அவர். லான் வேண்டாம் என்றுவிட்டாள்.

"மாமா பொய் சொன்னது நிலத்துக்காக. அப்புறம் போய் உண்மையச் சொன்னாரே, அது எனக்காக. கிலாட்டு பசங்க அங்கதான் வளருதுங்க. அதுங்கள கிளப்பிவிட்டு நான் போய் அங்க என்ன தைக்கப் போறேன்?"

வருடத்துக்கு இரண்டு தடவை அம்மாவின் மேட்டில் புல் வெட்டப் போவோம். அதற்குக் கிலாட் வீட்டு முற்றம் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் முன்னதாகவே போன் செய்து கேட்பாள். சொந்த அம்மா சமாதிக்குக் கேட்டுக்கொண்டு போவானேன் என்று நான் ஒரு நாள் கோபப்பட்டேன்.

"அவன் வீட்டு வாசல் செம்பா அது. கேக்காம எப்படி?"

போன மாதமும் கேட்டுக்கொண்டுதான் போனோம். கேட் பூட்டியிருந்தது. கிலாட் போனை எடுக்கவில்லை. மறந்திருப்பான் என்றாள் லான். அரிவாளையும் தண்ணீர் புட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கம்பி வழியாகப் பார்த்தால் மேடு தெரிந்தது, புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. மூன்று மணிக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் கொடுக்க வேண்டிய சீருடை நாற்பது உருப்படி கடை மேசையில் கிடந்தது.